சாதி நாயும் ஊர் நாயும்

நெடுந்தீவுக்குப் போவதற்காக ஒரு சனிக்கிழமை விடியவே குறிகட்டுவான் துறைக்குப் போய்ச் சேர்ந்தோம். படகு வெளிக்கிட இன்னும் நேரம் இருந்தது. தேத்தண்ணிக் கடை வாங்கில் இருந்துகொண்டு அங்கே திரிந்த நாய்களை எண்ணத் தொடங்கினோம். பெரிய ஆராய்ச்சி ஒண்டும் இல்லை, செய்ய வேறை வேலை இல்லை, அவ்வளவுதான். மொத்தம் ஒன்பது. மூன்று செவலை, இரண்டு கறுப்பு, ஒரு வெள்ளை, கறுப்பும் வெள்ளையும் கலந்தது இரண்டு, நெற்றியில் சுட்டியோடு ஒரு கிழட்டு நாய். எல்லாவற்றுக்கும் குட்டை மயிர், ஒட்டின வயிறு, மேல்நோக்கிச் சுருண்ட வால்.

பக்கத்தில் இருந்த ஐயா ஒருவர் எங்களைப் பார்த்துச் சிரித்தார்.

"என்ன பிள்ளையள், நாயளையே பாத்துக்கொண்டிருக்கிறியள்?"

"ஐயா, இதெல்லாம் என்ன நாய்?"

"என்ன நாயோ? உது சாதி நாய் இல்லைத் தம்பி. சும்மா ஊர் நாய்."

அவர் சொன்னதில் பிழை இல்லை. நாங்களும் வீட்டில் அப்படித்தான் சொல்லுவோம். காசு குடுத்து வாங்கினால் சாதி நாய், தானாக வந்தால் ஊர் நாய். ஆனால் அந்தச் "சும்மா" எங்களோடு படகில் ஏறிவிட்டது. நெடுந்தீவு வரும்வரை அதைப் பற்றித்தான் கதைத்துக்கொண்டு போனோம். நாய்க்கு எப்போது சாதி வந்தது? அதை ஆர் குடுத்தது? சாதி இல்லாத நாய்க்கு வரலாறும் இல்லையா?

மதிலுக்கு உள்ளே, மதிலுக்கு வெளியே

முதலில் எங்கட ஊர்களில் கண்ணுக்குத் தெரிகிறதைச் சொல்லுவோம். யாழ்ப்பாண நகரத்துப் பக்கம் பெரிய மதில், இரும்புக் கேற், "நாய் கவனம்" எண்ட பலகை உள்ள வீடுகளில் அல்சேசன் இருக்கும், லாப்ரடோர் இருக்கும், அண்மைக் காலமாக ரொட்வைலரும் டோபர்மனும் இருக்கும். வீட்டுக்குள்ளே சோபாவில் வெள்ளையாகப் புசுபுசு என்று பொமேரியன் இருக்கும். வெளிநாட்டில் இருந்து காசு வருகிற தீவக வீடுகளிலும் இப்போது இவை தெரியத் தொடங்கிவிட்டன. வேலணையிலும் புங்குடுதீவிலும் புதுசாக் கட்டின மாடி வீட்டு மொட்டை மாடியில் நின்று ஓர் அல்சேசன் குரைப்பதைக் கேட்டிருக்கிறோம்.

மதிலுக்கு வெளியே எல்லாம் ஊர் நாய்தான். அதற்கும் எங்கட சனம் வகை பிரித்து வைத்திருக்கிறது, ஆனால் ரத்தத்தை வைத்து இல்லை, இருக்கிற இடத்தை வைத்து. வளவு நாய், றோட்டு நாய், கடை நாய், கோயில் நாய், துறை நாய். வளவு நாய்க்கு ஒரு படலை உண்டு, ஒரு வீட்டுச் சோறு உண்டு. கடை நாய்க்குப் பணிஸ் துண்டு. நயினாதீவில் நாகபூசணி அம்மன் கோயில் பக்கமும் நாகதீப விகாரைப் பக்கமும் திரிகிற நாய்கள் தமிழும் சிங்களமும் விளங்கின நாய்கள், இரண்டு பக்கத்து யாத்திரிகர்களும் போடுகிறதைத் தின்று வளர்கின்றன. ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையில் ஓடுகிற பாதையில் சனத்தோடு சனமாக ஏறி, அக்கரையில் இறங்கிப் போகிற நாயையும் பார்த்திருக்கிறோம். அதுக்கு ரிக்கெற் இல்லை.

பெயர்களும் சுவாரசியம். ஊர் நாய்க்குக் கறுவல், வெள்ளையன், சூட்டி, மணி. கொஞ்சம் மரியாதை கூடினால் வீமன். அதைவிடக் கூடினால் ரைகர், சீசர், ஜிம்மி. இங்கிலீசு தெரியாத நாய்க்கு இங்கிலீசில் பெயர் வைத்து அதட்டுவது எங்கள் அப்பப்பா காலத்துப் பழக்கம். ஆண்டவன் மொழியில் கூப்பிட்டால் நாய்க்கும் ஒரு படி உயர்வு என்று நினைத்தார்களோ தெரியாது.

நாய்க்குச் சாதி வந்த கதை

இனி அந்த மதிலுக்கு உள்ளே இருக்கிற நாய்களின் வரலாற்றைப் பார்ப்போம். அவற்றின் "பரம்பரை" மிகப் பழையது என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். தேடிப் பார்த்தபோது அப்படி இல்லை.

முன்னர் எல்லா நாட்டிலும் நாய்கள் செய்கிற வேலையால் பிரிக்கப்பட்டன. ஆடு மேய்க்கிறது, வேட்டையாடுகிறது, காவல் காக்கிறது. எந்த நாயோடு எந்த நாய் சேர்ந்தது என்று எல்லோரும் கணக்கு எழுதிக்கொண்டிருக்கவில்லை. இங்கிலாந்தின் நியூகாசில் நகரத்தில் 1859 இல் நடந்ததைத்தான் நவீன நாய்க் கண்காட்சிகளின் தொடக்கம் என்பார்கள். 1873 இல் லண்டனில் கெனல் கிளப் உருவானது. இந்த நாய் இந்த இனம், அதன் தாய் இது, தகப்பன் இது, காது இப்படி இருக்கவேண்டும், வால் இப்படி இருக்கவேண்டும் என்று பதிவேடு வந்தது. பதிவேட்டில் உள்ள நாய் பதிவேட்டில் உள்ள நாயோடுதான் சேரவேண்டும். வெளியில் சேர்ந்தால் குட்டிக்குப் பெயர் இல்லை, கலப்பு.

இதை வாசித்தபோது எங்களில் ஒருத்தி சொன்னாள்: "இதை எங்கையோ கேட்ட மாதிரி இருக்கு. கலியாணப் புறோக்கர் கதைக்கிற மாதிரி." எல்லோரும் சிரித்தோம். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

ஒவ்வொரு நாயாக எடுத்தாலும் அதே கதைதான். அல்சேசன் என்று நாங்கள் சொல்வது ஜேர்மன் ஷெப்பேர்ட். மாக்ஸ் ஃபொன் ஸ்டெஃபானிட்ஸ் என்ற முன்னாள் குதிரைப்படை அதிகாரி 1899 இல் ஒரு மேய்ப்பு நாயை வாங்கி, அதை முதல் நாயாகப் பதிந்து, அதற்காகச் சங்கமும் தொடங்கினார். முதலாம் உலகப்போர் முடிந்தபோது ஜேர்மன் என்ற சொல்லையே பிரித்தானியர் வெறுத்தார்கள். நாயின் பெயரில்கூட அது இருக்கக்கூடாதென்று, பிரான்சுக்கும் ஜேர்மனிக்கும் இடையில் உள்ள அல்சாஸ் பிரதேசத்தின் பெயரை வைத்தார்கள். பிரித்தானிய கெனல் கிளப் பழைய பெயரைத் திருப்பிக் குடுத்தது 1977 இல். நாங்கள் இன்னும் அல்சேசன் என்றுதான் சொல்கிறோம். அதாவது அந்த நாயின் பெயரில், எங்களுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு சண்டையின் மிச்சம் ஒட்டிக்கொண்டு எங்கள் ஒழுங்கை வரை வந்திருக்கிறது.

டோபர்மன் ஒரு மனிதரின் பெயர். ஜேர்மனியின் அப்போல்டா நகரத்தில் வரி அறவிட்டவர் லூயிஸ் டோபர்மன். வரி கேட்டுப் போகிற ஆளுக்குப் பாதுகாப்பு வேண்டும்தானே. ரொட்வைலர், ரொட்வைல் என்ற ஊரில் இறைச்சிக்காரரின் மாட்டைச் சாய்த்து வண்டியும் இழுத்த நாய். லாப்ரடோரின் மூதாதைகள் கனடாவின் நியூபவுண்ட்லாந்து மீனவரின் நாய்கள். குளிர்க்கடலில் குதித்து வலையும் மீனும் இழுத்தவை. பிறகு இங்கிலாந்துப் பிரபுக்கள் அவற்றைக் கொண்டுபோய் வேட்டைக்குப் பழக்கினார்கள், 1903 இல் கெனல் கிளப் அதை ஓர் இனமாக ஏற்றது. பொமேரியன், போலந்துக்கும் ஜேர்மனிக்கும் இடையில் பால்டிக் கடலோரமாக உள்ள பொமரேனியாவின் பெயரைக் கொண்டது. ஒருகாலம் பெரிய நாயாக இருந்தது. விக்டோரியா மகாராணி 1888 இல் இத்தாலியின் புளோரன்ஸ் நகரத்தில் இருந்து சின்னதாக ஒன்றைக் கொண்டுவந்த பிறகு, சின்ன நாய்க்கே மவுசு கூடியது.

இதில் எங்களுக்குப் பிடித்த விசயம் இதுதான். மாட்டுக்காரன், வண்டிக்காரன், மீனவன் வைத்திருந்த சாதாரண ஊர் நாய்கள்தான் இவை எல்லாம். ஆரோ ஒருவர் பேப்பரில் எழுதினார், உயர்ந்த சாதி ஆகிவிட்டன. அந்தப் பேப்பருக்கு வயது 150 வருசம்.

இரண்டு சொற்களின் பயணம்

சொல்லின் கதை இன்னும் விசித்திரமானது. "சாதி" பிறப்பைக் குறிக்கிற வடமொழிச் சொல்லில் இருந்து வந்தது, நாங்கள் எல்லோரும் அறிந்தது. ஆங்கிலத்தில் இதற்குப் பயன்படுத்துகிற "காஸ்ட்" என்ற சொல் எங்கே இருந்து வந்தது? போர்த்துக்கேயரின் "காஸ்டா". அந்த மொழியில் அது பரம்பரை, குலம் என்பதைக் குறித்தது, விலங்குகளின் இன வழியையும் குறித்தது. பதினாறாம் நூற்றாண்டில் இந்தியக் கரைக்கு வந்த போர்த்துக்கேயர், இங்கே மனிதர் ஒருவரை ஒருவர் பிரித்து வைத்திருந்ததைப் பார்த்து அந்தச் சொல்லை எங்களுக்கு வைத்தார்கள். அடுத்த நூற்றாண்டில் அதே போர்த்துக்கேயர்தான் யாழ்ப்பாண இராச்சியத்தையும் இந்தத் தீவுகளையும் பிடித்தார்கள்.

மற்றச் சொல் எதிர்த் திசையில் போனது. உலகம் முழுக்க ஊர் நாய்க்கு ஆங்கிலப் புத்தகங்களில் உள்ள பெயர் "பரையா டோக்". அந்தப் "பரையா" எங்கட தமிழ்ச் சொல். பறை அடித்த ஒரு சமூகத்தின் பெயரை வெள்ளைக்காரர் எடுத்து, "ஒதுக்கப்பட்டவர்" என்ற பொருளில் தங்கள் மொழியில் சேர்த்து, அதைத் தெருநாய்க்கும் வைத்தார்கள். ஆக, விலங்குக்கும் பொருந்திய ஒரு சொல் மனிதர்மேல் வந்து ஏறியது. மனிதரின் ஒரு பெயர் நாய்மேல் போய் ஏறியது. இரண்டும் நடந்தது எங்கள் கரைகளைச் சுற்றித்தான்.

வெள்ளைக்காரரை மட்டும் குற்றம் சொல்லித் தப்பவும் முடியாது. அந்தச் சொல்லையும் நாயையும் சேர்த்து ஆளை ஏசுகிற வழக்கம் யாழ்ப்பாணத்தில் இண்டைக்கும் இருக்கு. எங்கள் வீடுகளிலும் கேட்டிருக்கிறோம். ஏசுகிறவருக்கு அது ஒரு மனிதக் கூட்டத்தையே நாயாக்குகிற சொல் என்று தெரியாமல் இல்லை. இவ்வளவுக்கும் எங்கள் பேச்சு வழக்கில் "பறைதல்" என்றால் கதைத்தல். "என்ன பறையிறாய்?" என்று அம்மம்மா கேட்பது பேச்சைத்தான். குரலோடு சேர்ந்த ஒரு சொல்லை எவ்வளவு தூரம் கீழே இறக்கியிருக்கிறோம் பாருங்கள்.

இந்தியாவில் இந்த நாய்களில் அக்கறை உள்ள சிலர் இந்தப் பெயரைக் கைவிட்டு "இண்டோக்" என்கிறார்கள். நாங்களும் மாற்றுச் சொல் தேடினோம். "நாட்டு நாய்" சரி. "நல்ல இனம்" என்று சொல்லலாமா என்று ஒருவன் கேட்டான். இலங்கையில் இருந்துகொண்டு "இனம்" என்ற சொல் பிரச்சினை இல்லாத சொல் என்று நினைக்கிறியா என்று மற்றவன் கேட்டான். அதோடு அந்தக் கதை முடிந்தது.

ஊர் இருந்தால் நாய் இருக்கும்

பேப்பர் இல்லாத நாயின் வரலாறு எவ்வளவு பழையது? அதுக்கும் தடயம் இருக்கு. சங்கப் பாட்டுகளில் நாய்க்கு ஞமலி, ஞாளி என்றெல்லாம் பெயர் உண்டு. ஞமலி என்பது பூழி நாட்டார் வழக்கு என்று தொல்காப்பிய உரைகாரர் சொல்கிறார்கள். தொல்காப்பிய மரபியல் நாயின் குட்டியைக் "குருளை" என்கிறது. புலிக்கும் அதே சொல்தான். இலக்கணத்தில் புலிக்குட்டிக்கும் நாய்க்குட்டிக்கும் வித்தியாசம் இல்லை.

மாணிக்கவாசகர் கடவுளுக்கு முன்னால் தன்னை "நாயேன்" என்று சொல்லிக்கொண்டார். எங்கட ஊர்களில் ஒழுங்கைக்கு ஒழுங்கை வைரவர் கோயில் இருக்கு. வைரவரின் வாகனம் நாய். வடை மாலை சாத்தி அந்த வாகனத்தையும் கும்பிட்டுவிட்டு, வெளியில் வந்து வாசலில் படுத்திருக்கிற நாய்க்கு "அடிக்!" என்று கல்லை எடுப்போம். நாய் விசயத்தில் எங்கள் சமூகத்துக்கு ஒரு மனம் இல்லை, இரண்டு மனம்.

இலங்கை வரலாற்றின் மிகப் பழைய கதைகளில் ஒன்றிலும் ஒரு நாய் வருகிறது. மகாவம்சத்தில் விஜயனும் ஆட்களும் கரை இறங்கியபோது அவர்கள் முன்னால் ஒரு பெட்டை நாய் தோன்றுகிறது. அது உண்மையில் நாயின் உருவில் வந்த ஓர் இயக்கி. விஜயன் தடுத்தும் ஒருவன் அதன் பின்னால் போகிறான். அவன் சொல்லும் காரணம்: ஊர் இருந்தால்தான் நாய் இருக்கும். கதை கதைதான், அதை நடந்ததாக எடுக்கவேண்டியதில்லை. ஆனால் எழுதியவர் கண்ட உலகம் அதில் உண்மை. புது நிலத்தில் மனிதர் இருக்கிறார்களா என்று அறிய நாயைப் பார்த்தார்கள்.

அறிவியலும் இதற்குப் பக்கத்தில்தான் வருகிறது. 2015 இல் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட மரபணு ஆய்வு ஒன்றில், 161 இனங்களைச் சேர்ந்த நாய்களோடு 38 நாடுகளின் 549 ஊர் நாய்களையும் சேர்த்துப் பார்த்தார்கள். நாய் மனிதரோடு சேர்ந்த பழைய கதையைத் தேட அவர்களுக்கு ஊர் நாய் தேவைப்பட்டது. இன நாய்களின் மரபணு சில தலைமுறை மனிதர் தெரிந்தெடுத்ததால் குறுகிப்போனது, ஊர் நாயில்தான் அகலம் மிச்சம் இருக்கிறது. உலகத்தில் உள்ள நாய்களில் பெரும்பான்மை கண்காட்சி இன நாய்கள் இல்லை, ஊர் நாய்கள்தான். "சும்மா" என்பது பெரும்பான்மைக்கு நாங்கள் வைத்த பெயர்.

குதிரைக்கு ஏடு, நாய்க்குச் சட்டம்

நெடுந்தீவில் இறங்கியவுடன் ஓட்டோக்காரர் கேட்ட முதல் கேள்வி: "குதிரை பாக்கப் போறியளோ?" எல்லோரும் குதிரைதான் பார்க்கப் போவார்கள். ஒல்லாந்தர் இந்தத் தீவுகளுக்குத் தங்கட ஊர்ப் பெயர்களை வைத்தார்கள். நெடுந்தீவு டெல்ஃப்ட், வேலணை லைடன், நயினாதீவு ஹார்லெம். இதில் டெல்ஃப்ட் மட்டும் நின்றுவிட்டது. அந்த ஆட்சிகளின் காலத்தில் இங்கே குதிரை வளர்த்தார்கள். ஆங்கிலேயர் காலத்தில் லெப்டினன்ட் நோலன் என்ற அதிகாரி தீவை நிர்வகித்ததும், குதிரை வளர்ப்பு நடந்ததும் எழுத்தில் இருக்கிறது. அந்தக் குதிரைகளின் வாரிசுகள் கட்டற்று இன்னும் திரிகின்றன. அவற்றைப் பார்க்க ஆட்கள் வருகிறார்கள், தண்ணீர் இல்லாமல் செத்தால் பத்திரிகையில் செய்தி வருகிறது. வரவும் வேண்டும்.

ஆனால் அந்தக் குதிரைகளைப் பார்த்துக்கொண்டு நின்றபோது பவளக்கல் வேலிக்கு மேலால் ஒரு கறுப்பு நாய் பாய்ந்து வந்து எங்களைக் குரைத்தது. அதன் முப்பாட்டன் ஒல்லாந்தர் வர முன்னமே இங்கே நின்றிருக்கலாம். அதைப் பற்றி ஆர் எழுதினது? குதிரை அரசுக்குத் தேவை, அதனால் கணக்கு இருந்தது. நாய் சனத்துக்குத்தான் தேவை, அதனால் கணக்கு இல்லை.

நாய் அரச ஏட்டுக்குள் நுழைந்தது வேறு வழியால், ஆபத்தாக. 1885 இல் பாரிசில் லூயி பாஸ்டர் விசர்நாய் கடித்த ஒரு சிறுவனுக்குத் தன் தடுப்பு மருந்தை ஏற்றினார். அடுத்த சில வருசங்களில் பிரித்தானியப் பேரரசு முழுக்க விசர்நாய்ப் பயம் சட்டமாக மாறியது. இலங்கையில் 1893 இல் விசர்நாய் நோய்க் கட்டளைச் சட்டம், 1901 இல் நாய்களைப் பதியும் கட்டளைச் சட்டம். பதிவு உள்ள நாய்க்குச் சொந்தக்காரர் உண்டு. இல்லாத நாய் ஆருடையதும் இல்லை, பிடிக்கலாம், கொல்லலாம். லண்டன் கெனல் கிளப் நாயை எந்தக் கோட்டால் பிரித்ததோ, ஏறக்குறைய அதே கோடு இங்கே உயிருக்கும் சாவுக்கும் நடுவில் விழுந்தது. ஆனால் எங்கட வளவில் ஒரு நாய் நாலு வீட்டுக்குப் பொது. அதை ஆரின் பெயரில் பதிகிறது?

சனம் இதைப் பேசாமல் ஏற்றுக்கொண்டது என்றும் இல்லை. இதற்கெல்லாம் முன்னமே, 1832 இல், பம்பாயில் தெருநாய்களைக் கொல்ல வந்தபோது பார்சிகள் கடையடைத்துக் கலகம் செய்தார்கள்.

ஊர் இல்லாத நாய்

இந்தக் கட்டுரையை எழுதத் தொடங்கும்போது நாங்கள் எதிர்பார்க்காத பகுதி இது. நாய் பற்றிக் கேட்கப்போன இடத்தில் எல்லாம் பெரியாக்கள் கடைசியில் ஒரே இடத்துக்குத்தான் வந்தார்கள்: 1990, 91.

அந்த வருசங்களில் சண்டை தீவகத்துக்குள் வந்தபோது ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவு என்று சனம் கையில் கிடைத்ததோடு வெளிக்கிட்டது. வள்ளத்தில் ஆளுக்கே இடம் இல்லை. நாயை விட்டுவிட்டுத்தான் போகவேண்டி இருந்தது. 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமமே ஒரே பாதையால் தென்மராட்சிப் பக்கம் நடந்தபோதும் அதுதான். தீவிலிருந்து ஓடிவந்து நகரத்தில் இருந்தவர்கள் இரண்டாம் தரமும் ஒரு நாயைப் படலையில் விட்டுவிட்டுப் போனார்கள்.

எங்களில் ஒருத்தியின் அம்மம்மா சொன்னது: "சங்கிலியை அவிழ்த்துவிட்டிட்டு வந்தனான். அதுவும் செய்யாமல் வந்த சனம் இருக்கு. கடற்கரை மட்டும் வந்தது. தண்ணிக்குள்ள இறங்கினது. பிறகு நான் திரும்பிப் பாக்கேல்லை." அவ அந்த நாயின் பெயரைக் கடைசி வரை சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

ஊர் இருந்தால் நாய் இருக்கும் என்றது பழைய கதை. இங்கே அது மறுவளமாக நடந்தது. ஊர் போனது, நாய் நின்றது. சோறு போட ஆள் இல்லாத வளவுகளில் அவை எதைத் தின்றன, எத்தனை செத்தன, எத்தனை முகாம் பக்கம் போய்ப் பிழைத்தன என்பதற்கு ஏடு இல்லை. சண்டையில் மனிதர் காணாமல் போனதற்கே பதில் இல்லாத நாட்டில் நாய்க் கணக்கு கேட்பது பைத்தியக்காரத்தனமாகத் தெரியலாம். நாங்கள் கணக்குக் கேட்கவில்லை. இப்போது புங்குடுதீவில் கூரை இல்லாத ஒரு வீட்டின் திண்ணையில் ஒரு செவலை நாய் படுத்திருப்பதைப் பார்த்தால், அது சும்மா படுத்திருக்கவில்லை என்று மட்டும் சொல்கிறோம். அதன் தாயின் தாய் அந்த வளவைக் காத்திருக்கலாம். அந்த வீட்டுக்காரர் கனடாவிலோ பிரான்சிலோ இருக்கலாம்.

அன்பு மட்டும் போதாது

ஊர் நாயைத் தூக்கிக் கொண்டாடிவிட்டுப் போவது எங்கள் நோக்கம் இல்லை. தீவுகளில் ஆடு வளர்க்கிறவரைக் கேட்டால் கூட்டமாக வந்து குட்டியைக் குதறின நாய்களைப் பற்றிச் சொல்வார். விசர்நாய் பயமும் பொய் இல்லை. 1973 இல் இலங்கையில் 377 பேர் அந்த நோயால் இறந்தார்கள். நாய்க்குத் தடுப்பூசி போடப் போட அது குறைந்து, இப்போது வருசத்துக்குச் சில பத்துப் பேர் என்ற அளவுக்கு வந்துவிட்டது. 2006 இல் நாய்களைக் கொல்வதை அரசு நிறுத்தி, தடுப்பூசியும் கருத்தடையும்தான் வழி என்று ஆக்கியது. அந்தக் காலத்தில் தொப்புளைச் சுற்றிப் போட்ட ஊசிகளின் கதையைச் சொல்லி எங்களைப் பயப்படுத்தினவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இப்போது ஊசி கையில்தான். நாய் கடித்தால் செய்யவேண்டியது இரண்டு: உடனே காயத்தைச் சவர்க்காரம் போட்டு ஓடுகிற தண்ணியில் 15 நிமிசம் கழுவவேணும், பிறகு நேரே ஆஸ்பத்திரி. மஞ்சளும் பச்சிலையும் வேண்டாம். படகு பிடித்துப் போகிற தீவுக்காரர் இதை இன்னும் கவனமாக மனதில் வைக்கவேணும்.

எங்களுக்குக் கோபம் வருவது வேறு இடத்தில். பெட்டைக் குட்டி என்றால் சாக்கில் கட்டிச் சந்தையடியில், சந்தியில், துறையில் கொண்டுவந்து விடுகிறார்கள். அதே வீட்டில் பிறகு பல ஆயிரம் குடுத்து ஒரு சாதி நாய்க்குட்டி வாங்குகிறார்கள். தடித்த மயிரோடு ஐரோப்பியக் குளிருக்குப் பிறந்த அந்தக் குட்டி சித்திரை வெயிலில் சங்கிலியில் கிடந்து இளைக்கிறது. இரண்டு நாயும் தோற்கின்றன. வீட்டுக்காரருக்கு மட்டும் ஒரு பலகை மிஞ்சுகிறது: நாய் கவனம்.

சோறு போடுகிற நாய்க்கு வருசத்துக்கு ஒரு தடுப்பூசி, பெட்டை என்றால் கருத்தடை. இதற்குச் சாதிப் பத்திரம் தேவை இல்லை. ஊசி போடுகிறவர்கள் ஊருக்கு வருகிற நாளில், அந்த நாலு வீட்டுப் பொது நாயை ஆராவது ஒருவர் பிடித்துக்கொண்டு போனால் போதும்.

பின்னேரம் நெடுந்தீவில் இருந்து திரும்பிக் குறிகட்டுவானில் இறங்கினோம். சுட்டி நாய் அதே இடத்தில் படுத்திருந்தது. மிச்சம் இருந்த பணிசைப் போட்டோம், எழும்பாமலே தின்றது. ஐயாவைக் காணவில்லை. இருந்திருந்தால் ஒரு விசயம் சொல்லியிருப்போம். லாப்ரடோர் ஒரு கரையின் பெயர். ரொட்வைலர் ஓர் ஊரின் பெயர். பொமேரியனும் அல்சேசனும் பிரதேசங்களின் பெயர். தமிழ்நாட்டில் இராசபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை எல்லாம் ஊர்ப் பெயர்கள்தான், இராசபாளையத்துக்கு 2005 இல் இந்தியா முத்திரைகூட வெளியிட்டது. உலகம் மதிக்கிற நாய்களில் எத்தனையோ ஏதோ ஓர் ஊரின் நாய்தான்.

ஐயா, இது குறிகட்டுவான் நாய். நீங்கள் சொன்ன "ஊர் நாய்" சரியான சொல்தான். அந்தச் "சும்மா"வை மட்டும் எடுத்துவிடுங்கோ.